பத்திரிகை ஆசிரியர் ரெயில்வே மந்திரி ஆனார்! பிறகு லஞ்சத்தை விசாரித்தார்!

சென்னை சென்டிரலில் ஆவடி ரெயில் ஏறினால், பெரம்பூர் தாண்டி வில்லிவாக்கம் வரும் முன்பு பெரிய தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. ஐ.சி.எப். என்று சொன்னால் கொரட்டூர், அம்பத்தூர், ஆவடிப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்பா வேலை பார்த்த இடம், மாமா தொழில் பழகிய இடம் என்று தெருவுக்கு ஒரு குடும்பமாவது சொல்லும்.

அந்தத் தொழிற்சாலைக்காக சுவிட்சர்லாந்து கம்பெனி ஒன்றுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது 1949-ம் ஆண்டில். அப்போது டெல்லியில் ரெயில்வே இலாகாவைப் பார்த்துக்கொண்டவர்கள் இரண்டு மந்திரிகள். இரண்டு பேருமே தமிழர்கள்!

ஒருவர் கோபாலசாமி அய்யங்கார். அவர் மூத்த மந்திரி. மற்றவர் ராஜாங்க மந்திரி கே.சந்தானம். அய்யங்காரின் பெயர் காசுமீர் விவகாரத்தில் இன்றும் அடிபடுகிறது. சந்தானத்தின் பெயரை நம் பக்கத்தில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

ஆனால் இன்றைக்கு நாடு பேசிக்கொண்டிருக்கும் பல விஷயங்களில் இந்த மனிதர் 60 வருடங்களுக்கு முன்பே கை வைத்திருக்கிறார். கட்சிகளுக்குக் கம்பெனிகள் கொடுக்கும் பணம், மந்திரிகள் மீது ஊழல் புகார், டெல்லிக்கும் மாநிலங்களுக்கும் நடக்கும் வரிச் சண்டை, ஆபீசில் பைல் நகர்வதற்குக் கொடுக்கும் காசு எல்லாம் அதில் உண்டு.

2024-ம் ஆண்டு ஜூன் மாதம் டெல்லியில் புதிய மந்திரிசபை பதவி ஏற்றது. அதில் ரெயில்வே இலாகாவும், செய்தி ஒலிபரப்பு இலாகாவும் அசுவினி வைஷ்ணவ் என்ற ஒரே மந்திரியிடம் கொடுக்கப்பட்டன. "ரெயிலுக்கும் செய்திக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்டார்கள். சந்தானத்தின் கதையில் அந்தச் சம்பந்தம் இருக்கிறது.

ஆசிரமத்தில் ஆரம்பம்

சந்தானம் 1895-ம் ஆண்டு பிறந்தவர். காந்தியின் இயக்கத்தில் சேர்ந்தார். 1925-ம் ஆண்டு ராஜாஜி திருச்செங்கோடு பக்கத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். கதர் நூற்பது, கள்ளுக்கடைக்குப் போகாதே என்று கிராமம் கிராமமாகச் சொல்வது, பஞ்ச காலத்தில் கஞ்சிக்கு வழி செய்வது - இவைதான் அங்கே வேலை. ராஜாஜியுடன் அந்த ஆசிரமத்தில் உழைத்தவர்களில் சந்தானம் முக்கியமானவர். 1930-ம் ஆண்டு வேதாரண்யம் உப்பு சத்தியாக்கிரகத்திலும் கலந்துகொண்டார்.

அதன் பிறகு பேனா பிடித்தார். சென்னையில் 1932-ம் ஆண்டு டாக்டர் வரதராஜுலு நாயுடு தொடங்கிய "இந்தியன் எக்ஸ்பிரஸ்" பத்திரிகைக்குச் சில காலத்திலேயே சந்தானம் ஆசிரியரானார். 1930-களில் பெரும் பகுதி அந்த நாற்காலியில்தான் கழிந்தது. பின்பு டெல்லிக்குப் போய் "இந்துஸ்தான் டைம்ஸ்" பத்திரிகையின் கூட்டாசிரியராக இருந்தார். அரசியல் சட்டம் எழுதிய நிர்ணய சபையிலும் சென்னை ராஜதானியின் பிரதிநிதியாக அவர் உட்கார்ந்திருந்தார்.

அந்தச் சபையில் அவர் சொன்ன ஒரு கருத்தை இங்கே சொல்லத்தான் வேண்டும். மத்திய சர்க்காருக்கு அதிகாரங்களை மேலும் மேலும் குவித்தால் அது பலமாகிவிடும் என்று நினைப்பது தவறு என்றார். எல்லாப் பொறுப்பையும் தலையில் ஏற்றிக்கொண்டால் எதையும் உருப்படியாகச் செய்ய முடியாது என்பது அவர் வாதம். காங்கிரசுக்காரர் ஒருவர், டெல்லியிலேயே உட்கார்ந்துகொண்டு, 1940-களில் இப்படிப் பேசினார்!

ரெயில்வேயில் 4 வருடம்

1948-ம் ஆண்டு ரெயில்வே - போக்குவரத்து ராஜாங்க மந்திரி ஆனார். பத்திரிகை ஆசிரியருக்கு ரெயில் என்ன தெரியும்? என்ஜினீயர் படிப்பு படித்தவர் அல்ல.

ஆனால் அந்த நேரத்தில் ரெயில்வேக்கு முதலில் தேவைப்பட்டது என்ஜினீயர் அல்ல. நாடு துண்டு துண்டாக இருந்தது போல ரெயிலும் துண்டு துண்டாக இருந்தது. பிரிட்டிஷ் கம்பெனிகள் விட்டுப்போன ரெயில்வேக்கள் ஒரு பக்கம். மன்னர்கள் சொந்தமாக ஓட்டிய ரெயில்வேக்கள் இன்னொரு பக்கம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டம், ஒரு சம்பளம், ஒரு கணக்கு. இவற்றையெல்லாம் ஒன்றாக்க வேண்டும். பேசிச் சமாதானம் செய்து, எழுதி விளக்கி, ஒப்புக்கொள்ள வைக்கிற வேலை அது.

1951-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி முதல் மண்டலம் பிறந்தது. அதுதான் நம் தெற்கு ரெயில்வே! சென்னை - தென் மராட்டா ரெயில்வே, தென் இந்திய ரெயில்வே, மைசூர் ரெயில்வே மூன்றும் ஒன்றாக இணைந்தன. அரக்கோணம் பாதையில் ஓடும் ரெயிலுக்கும், எழும்பூரில் இருந்து தெற்கே போகும் ரெயிலுக்கும் அன்றைக்குத்தான் ஒரே எஜமான் ஏற்பட்டது.

பெட்டித் தொழிற்சாலைக்கு ஒப்பந்தம் போட்டதும் அவர் இலாகாவில் இருந்த காலத்தில்தான். அதற்கு முன்பு பல பெட்டிகள், கீழே இரும்புச் சட்டம், மேலே மரம் என்ற முறையில் கட்டப்பட்டவை. ரெயில்கள் மோதினால் ஒரு பெட்டி மற்றொரு பெட்டிக்குள் புகுந்து நசுக்கிவிடும். சுவிட்சர்லாந்துக்காரர்கள் கொடுத்த முறையில் கூரை, சுவர், தரை எல்லாம் ஒரே எஃகுக் கூடாகப் பற்றவைக்கப்படும். எடையும் குறைவு, உயிருக்கும் பாதுகாப்பு. 1955-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி, காந்தி பிறந்த நாளில், நேரு பெரம்பூருக்கு வந்து தொழிற்சாலையைத் திறந்து வைத்தார். அந்த மாதிரிப் பெட்டி 2018-ம் ஆண்டு ஜனவரி வரை அங்கே தயாரிக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் பின்னால் "வந்தே பாரத்" என்று பெயர் பெற்ற ரெயிலும் அதே தொழிற்சாலையில் இருந்து வெளியே வந்தது.

தோற்கடித்தவர் யார்?

திறப்பு விழா நடந்தபோது சந்தானம் மந்திரியாக இல்லை. முதல் பொதுத்தேர்தலில் மாயூரம் தொகுதியில் நின்று தோற்றுப்போனார்.

அவரைத் தோற்கடித்தவர் யார் தெரியுமா? கம்யூனிஸ்டு கட்சியின் கே.ஆனந்த நம்பியார். திருச்சி பொன்மலையில் ரெயில்வே தொழிலாளர்களுக்குச் சங்கம் நடத்தியவர்! ரெயில்வே மந்திரியை ரெயில்வே தொழிலாளர் தலைவர் வீட்டுக்கு அனுப்பினார். இதற்கு மேல் ஒரு தேர்தலில் என்ன வேடிக்கை வேண்டும்?

தோற்றவரை நேரு விட்டுவிடவில்லை. மத்திய இந்தியாவில் இருந்த விந்தியப் பிரதேசம் என்ற ராஜ்யத்துக்குத் துணை கவர்னராக அனுப்பினார். (அந்த ராஜ்யம் 1956-ல் மத்தியப் பிரதேசத்தோடு சேர்ந்துவிட்டது.) பிறகு இரண்டாவது நிதிக்கமிஷனுக்குத் தலைவர் ஆனார். வருமான வரி போன்றவற்றில் எந்த ராஜ்யத்துக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் கமிஷன் அது. அங்கேயும் ரெயில் அவரை விடவில்லை. 1957-ம் ஆண்டு ரெயில் டிக்கெட்டு மீது தனியாக ஒரு வரி வந்தது. அந்த வரியை ராஜ்யங்களுக்கு எப்படிப் பங்கு போடுவது என்று கூறும் வேலையும் அவர் தலையில் விழுந்தது. 1961-ம் ஆண்டு அந்த வரியையே எடுத்துவிட்டார்கள். அந்த அனுபவத்தோடுதான் மத்திய - மாநில உறவு பற்றி 1960-ல் அவர் புத்தகமும் எழுதினார்.

பைல் நகரக் காசு

இப்போது முக்கிய விஷயத்துக்கு வருவோம்.

1962-ம் ஆண்டு, லஞ்சத்தைத் தடுக்க வழி சொல்ல ஒரு கமிட்டி அமைத்தார்கள். அமைத்தவர் அப்போது உள்துறை மந்திரியாக இருந்த லால் பகதூர் சாஸ்திரி. சந்தானம் 1952-ல் இறங்கிப்போன இலாகாவுக்கு அடுத்த மந்திரியாக வந்தவர். 1956-ல் அரியலூர் ரெயில் விபத்துக்குப் பொறுப்பேற்று ராஜினாமா செய்தவர். கமிட்டிக்குத் தலைவராக அவர் பிடித்துப்போட்டது, அப்போது ராஜ்யசபை உறுப்பினராக இருந்த சந்தானத்தை.

பார்லிமெண்டு உறுப்பினர்களும் பெரிய அதிகாரிகளும் சேர்ந்த கமிட்டி அது. நிறைய சாட்சிகளைக் கேட்டது. 1964-ம் ஆண்டு மார்ச் 31-ந் தேதி அறிக்கை கொடுத்தது.

கமிட்டி அறிக்கை என்றால் நாம் அலமாரியில் தூங்குகிற தடிப்புத்தகம் என்று நினைப்போம். இதில் சில பக்கங்கள், நல்ல நிருபர் ஒருவர் ஊர் சுற்றி வந்து எழுதியது போல இருக்கின்றன. ஆசிரியராக இருந்தவரின் கை அதில் தெரிகிறது என்பது என் எண்ணம்.

லஞ்சம் கொடுப்பவர்கள் எல்லாரும் சட்டத்துக்கு விரோதமான காரியம் செய்து தரச்சொல்லிக் கொடுப்பதில்லை. நியாயமாகக் கிடைக்கவேண்டியது சீக்கிரம் கிடைக்கட்டும் என்றுதான் பெரும்பாலும் கொடுக்கிறார்கள். பைல் ஒரு மேஜையில் இருந்து அடுத்த மேஜைக்கு நகரக் காசு! இதை அறிக்கை வேகத்துக்குக் கொடுக்கும் பணம் என்று குறிப்பிட்டது. அதோடு நிற்கவில்லை. இந்தப் பழக்கம் தாமதத்தைக் குறைப்பதற்குப் பதில், அதிகமாக்கியே விடுகிறது என்றும் சுட்டிக்காட்டியது.

எப்படி? அம்பத்தூரில் ஒருவர் சிறிய லேத்துப் பட்டறை வைக்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். காகிதங்கள் எல்லாம் சரி. மின்சார இணைப்பு வேண்டும், அவ்வளவுதான். தானாக 10 நாளில் வந்துவிட்டால் அவர் யாருக்கும் காசு கொடுக்கமாட்டார். 3 மாதம் ஆகும் என்றால்? கடன் வட்டி ஓடுகிறது. கொடுத்துவிடுவார். அப்படியானால் 3 மாதம் ஆக்குவதுதானே சிலருக்கு லாபம்? தாமதம் விற்பனைச் சரக்காகிவிடுகிறது. இதை ஒரு சர்க்கார் கமிட்டி 1964-ல் வெளிப்படையாகச் சொன்னது பெரிய காரியம்.

சொந்த வீட்டையும் விடவில்லை

கட்டட, சாலை வேலைகளில் கான்டிராக்டர்கள் நூற்றுக்கு 7 முதல் 11 வரை கொடுப்பதாகவும், அது கீழ் மட்டத்தில் இருந்து என்ஜினீயர்கள் வரை பங்கு பிரிக்கப்படுவதாகவும் சாட்சிகள் சொன்னதை அறிக்கை பதிவு செய்தது.

அடுத்ததாக ரெயில்வே! கட்டுமான வேலைகளில் இந்தப் பழக்கம் இருப்பது போக, சரக்கு வேகன் ஒதுக்குவதிலும் பார்சல் பதிவு செய்வதிலும் இது உண்டு என்று சொல்லப்படுகிறது என எழுதினார்கள். அதிலும் அழுகிப்போகும் சரக்கு என்றால் இன்னும் வசதி. பழக்கூடை பிளாட்பாரத்தில் இரண்டு நாள் கிடந்தால் வியாபாரி கதி என்ன? கேட்டதைக் கொடுத்துவிட்டுத்தானே போவான்!

இந்த வரிகளுக்குக் கீழே கையெழுத்துப் போட்டவர், அதே ரெயில்வேக்கு 4 வருடம் மந்திரியாக இருந்தவர். "என் காலத்தில் இப்படி இல்லை" என்று ஒரு வரி சேர்க்க ஆசை வந்திருக்கலாம். இலாகாவின் பெயரைச் சொல்லாமல் பூசி மெழுகியும் இருக்கலாம். இரண்டும் நடக்கவில்லை. மந்திரிப் பதவியைவிட இந்த இடத்தில்தான் அவர் உயரமாகத் தெரிகிறார்.

ஆவடியும் லைசென்சும்

லஞ்சம் ஏன் பெருகியது? இரண்டாம் உலகப் போரின்போது சர்க்கார் பணம் தண்ணீராக ஓடியது. அப்போது வேர் விட்டது என்றது கமிட்டி. போர் முடிந்த பிறகும் தட்டுப்பாடு போகவில்லை. எதற்கு எடுத்தாலும் கட்டுப்பாடு, பெர்மிட்டு, லைசென்சு. கொடுக்கவும் மறுக்கவும் ஒரு அதிகாரியின் மனசுதான் சட்டம் என்றால் அங்கே காசு புகும்.

நம் ஆவடியை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. 1955-ம் ஆண்டு ஜனவரியில் காங்கிரசு மாநாடு ஆவடியில் கூடி, சோசலிச பாணி சமுதாயம்தான் லட்சியம் என்று தீர்மானம் போட்டது. அதன் பிறகு நம் பக்கத்துக்கு வந்த நன்மைகள் கொஞ்சம் அல்ல. ஆவடியில் டாங்கி தொழிற்சாலை, அம்பத்தூரில் தொழிற்பேட்டை என்று வயல்வெளிகள் எல்லாம் வேலை கொடுக்கும் இடங்களாக மாறின. ஆனால் அதே கொள்கையின் இன்னொரு முகம் லைசென்சு ஆபீசு. பெரிய கம்பெனி டெல்லிக்கு ஆள் அனுப்பும். சின்னப் பட்டறைக்காரர் எங்கே போவார்? ஆவடித் தீர்மானம் போட்ட கட்சியைச் சேர்ந்தவரே, 9 வருடத்தில் அதன் பக்க விளைவையும் எழுதிக் கொடுத்தார்.

1991-க்குப் பிறகு தொழில் லைசென்சுகள் பெரும்பாலும் போய்விட்டன. பைல் நகரக் காசு போய்விட்டதா? சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் அலைந்தவர்களுக்கு விடை தெரியும். ஆனால் ஒன்று. ரெயில் டிக்கெட்டு ரிசர்வேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். காத்திருப்போர் பட்டியலில் நம் நம்பர் என்ன என்று வீட்டில் இருந்தே பார்க்க முடிகிறது. வரிசை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் முன்னால் தள்ளிவிடக் காசு வாங்குவது கஷ்டமாகிவிடுகிறது. விண்ணப்பம் எந்த மேஜையில் எத்தனை நாளாக இருக்கிறது என்பது தெரியாத இடத்தில்தான் இன்றும் பேரம் நடக்கிறது. தகவல் கேட்கும் உரிமைக்கு 1997-ம் ஆண்டிலேயே தமிழ்நாடு சட்டம் போட்டது. மத்திய சட்டம் 2005-ல் வந்தது.

எது நடந்தது? எது நடக்கவில்லை?

கமிட்டி முழு அறிக்கை கொடுக்கும் முன்பே, அதன் யோசனைப்படி 1964-ம் ஆண்டு பிப்ரவரியில் மத்திய கண்காணிப்புக் கமிஷன் அமைக்கப்பட்டது. சர்க்கார் ஊழியர்களுக்குப் புதிய நடத்தை விதிகள் அதே ஆண்டில் வந்தன. லஞ்சச் சட்டமும் அப்போது திருத்தப்பட்டது. நம் மாநிலத்தின் கண்காணிப்பு - லஞ்ச ஒழிப்புத் துறையும் 1964-ல் பிறந்ததுதான். அக்டோபர் கடைசியை ஒட்டி ஒவ்வொரு ஆண்டும் மத்திய சர்க்கார் ஆபீசுகளில் ஊழியர்கள் நின்று கண்காணிப்பு வார உறுதிமொழி எடுக்கிறார்களே, அதன் மூலமும் இதுதான்.

இவை எல்லாம் குமாஸ்தாவுக்கும் அதிகாரிக்கும்.

மந்திரிக்கு? அதற்கும் கமிட்டி வழி சொன்னது. பார்லிமெண்டு அல்லது சட்டசபை உறுப்பினர்கள் 10 பேர் எழுத்து மூலம் குறிப்பாகப் புகார் கொடுத்தால், அந்த மந்திரி மீது விசாரணைக்குப் பிரதம மந்திரியோ, முதல்-மந்திரியோ அனுப்பியே ஆகவேண்டும் என்றது. இதைச் சட்டமாக்கவில்லை. சாஸ்திரி பிரதம மந்திரியான பிறகு 1964 அக்டோபரில் மந்திரிகளுக்கு ஒரு நடத்தை விதி வந்தது. சொத்துக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்றது அது. மீறினால் என்ன என்பதற்கு அதில் பலமான பதில் இல்லை.

மக்கள் கொடுக்கும் பொதுப்புகார்களைத் தீர்க்கக் கண்காணிப்புக் கமிஷனுக்கு உள்ளேயே ஒரு பிரிவு வேண்டும் என்ற யோசனையையும் சர்க்கார் ஏற்கவில்லை. ஏற்றிருந்தால் நம்மைப் போன்ற குடும்பங்கள் நேராகப் போய் நிற்க ஒரு வாசல் இருந்திருக்கும். கமிஷன் சொல்வது இன்றும் ஆலோசனைதான். அது யாரையும் தண்டிக்க முடியாது.

கட்சிக்குப் பணம்

கம்பெனிகள் அரசியல் கட்சிகளுக்கு நன்கொடை கொடுப்பதை அடியோடு தடுக்க வேண்டும் என்று கமிட்டி சொன்னது. கட்சிகள் வரவு செலவுக் கணக்கைத் தணிக்கை செய்து வெளியிட வேண்டும் என்றும் சொன்னது.

பிறகு நடந்த கூத்தைப் பாருங்கள். 1969-ல் கம்பெனி நன்கொடைக்குத் தடை வந்தது. 1985-ல் தடை போனது. லாபத்தில் இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு இருந்தது. 2017-ல் வரம்பும் போனது. 2018-ல் தேர்தல் பத்திரம் வந்தது. யார், எந்தக் கட்சிக்கு, எவ்வளவு கொடுத்தார் என்பது வாக்காளருக்குத் தெரியாது. 2024-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்தத் திட்டம் செல்லாது என்று தீர்ப்புக் கூறியது. வரம்பு நீக்கியதும் செல்லாது என்றது. யார் கொடுக்கிறார்கள் என்று வாக்காளர் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நியாயத்தைக் கோர்ட்டு ஏற்றுக்கொண்டது. சுற்றிச் சுற்றி, 60 வருடம் கழித்து, சந்தானம் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்திருக்கிறோம்.

கொடுத்தவருக்கும் தண்டனை

2018-ல் லஞ்சத் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டது. குடும்பத்தில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய மாற்றம் ஒன்று அதில் இருக்கிறது. லஞ்சம் கொடுப்பதும் நேரடியாகவே குற்றம். 7 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. வற்புறுத்திப் பிடுங்கினார்கள் என்றால், கொடுத்த 7 நாட்களுக்குள் போலீசிடமோ, விசாரணை செய்யும் துறையிடமோ தெரிவித்துவிட வேண்டும். தெரிவித்தால் குற்றம் ஆகாது. முன்கூட்டியே தெரிவித்துவிட்டு, கையும் களவுமாகப் பிடிப்பதற்காகக் கொடுத்தாலும் குற்றம் ஆகாது.

சட்டம் நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் சந்தானம் சொன்ன மனிதரை நினைத்துப் பாருங்கள். தனக்கு உரியதைச் சீக்கிரம் பெறுவதற்காகக் கொடுத்தவர். அதே ஆபீசில் நாளைக்கும் அவருக்கு வேலை இருக்கிறது. 7 நாளில் போய்ப் புகார் எழுதிக் கொடுக்க எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? அதே 2018 திருத்தத்தில் அதிகாரிகளுக்கு வேறொரு வசதியும் சேர்க்கப்பட்டது. வேலை சம்பந்தமாக அவர்கள் எடுத்த முடிவுகள் மீது விசாரணை தொடங்க, மேலிடத்தின் முன் அனுமதி வேண்டும். நேர்மையான அதிகாரி பயமில்லாமல் முடிவு எடுக்கட்டும் என்பது காரணம். கொடுப்பவருக்கு 7 நாள் கெடு, வாங்குபவருக்கு அனுமதி என்ற கவசம் - இது சமமாக எனக்குத் தோன்றவில்லை.

சந்தானம் 1980-ம் ஆண்டு காலமானார். அவர் கமிட்டியின் யோசனைப்படி பிறந்த கண்காணிப்புக் கமிஷனுக்குப் பார்லிமெண்டு சட்டம் போட்டது 2003-ல். மந்திரிகளையும் விசாரிக்கும் லோக்பால் மசோதா முதலில் 1968-ல் வந்தது. அது சட்டமானது 2013-ல். முதல் லோக்பால் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்தது 2019 மார்ச்சில். தமிழ்நாட்டின் லோக் ஆயுக்தா சட்டம் 2018-ல் நிறைவேறியது.